வாட்டர் கட் பொருந்தவில்லை என்றால் முதலில் எதைப் பார்ப்பது?

கேள்வி: அண்ணா, நான் மார்த்தாண்டம். எம்.டெக் பெட்ரோலியம் இன்ஜினியரிங் கடைசி வருடம். ப்ராஜெக்டுக்கு நார்வேயின் நார்ன் எண்ணெய் வயல் மாடலை எடுத்து ஹிஸ்டரி மேட்சிங் (வயலின் பழைய உற்பத்தி, அழுத்தக் கணக்கோடு ஒத்துப்போகும்படி மாடலைத் திருத்துவது) செய்கிறேன். ஆப்டிமைசர் (நல்ல எண்களைத் தானாகத் தேடும் நிரல்) வைத்து 200 ரன் ஓட்டியும் சில கிணறுகளில் வாட்டர் கட் (கிணற்றில் வரும் திரவத்தில் தண்ணீரின் பங்கு) பொருந்தவே மாட்டேன் என்கிறது. காலேஜில் எக்லிப்ஸ் (பாறைக்குள் எண்ணெய், தண்ணீர் ஓட்டத்தைக் கணக்கிடும் சிமுலேட்டர்) லைசென்ஸ் கிடையாது. நண்பன் கிராக் காப்பி தருகிறேன் என்கிறான். எந்த சாஃப்ட்வேர் எடுத்தால் சரியாகப் பொருந்தும்? நம்ம ஊர்க் கடலில் எண்ணெய் எடுக்கப் போவதாகச் சொல்கிறார்களே, அதற்கும் இதே மாதிரி செய்யலாமா?

பதில்:

தம்பி, கிராக் காப்பி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வாங்காதீர்கள். சட்டம், நேர்மை எல்லாம் ஒருபுறம் இருக்கட்டும், உங்களுக்கு அது தேவையே இல்லை. நார்ன் மாடலின் டேட்டா ஃபைல் எக்லிப்ஸ் வடிவத்தில் எழுதப்பட்டது. அதே ஃபைலைப் படித்து ஓட்டக்கூடிய ஓ.பி.எம் ஃப்ளோ என்ற சிமுலேட்டர் இலவசமாக, மூல நிரலோடு கிடைக்கிறது. அதை எழுதியவர்கள் தங்கள் சிமுலேட்டரைச் சோதித்துக் காட்ட எடுத்துக்கொண்ட மாடல்களில் நார்னும் ஒன்று. லினக்ஸில் ஓடும். விண்டோஸ் மடிக்கணினி என்றால் அதற்குள்ளேயே லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். முடிவுகளைக் கோட்டுப்படமாகவும் முப்பரிமாணத்திலும் பார்க்க ரெஸ்இன்சைட் இருக்கிறது, அதுவும் இலவசம். பல நூறு ரன்களை அனுப்பி, முடிவுகளை வாங்கி, மாடலின் எண்களைத் திருத்தி, மறுபடி அனுப்புகிற வேலைக்கு ஈ.ஆர்.டி. ஈக்வினார் நிறுவனம் தன் சொந்த வயல்களுக்காக எழுதிப் பிறகு எல்லோருக்கும் திறந்துவிட்ட கருவி அது. மாட்லாப் கைவந்தவர் என்றால் நார்வேயின் சின்டெஃப் ஆய்வு நிறுவனம் தரும் எம்.ஆர்.எஸ்.டி-யும் உண்டு. பாடம் படிக்க அது அருமையானது. நார்ன் அளவு மாடலை நூற்றுக்கணக்கில் ஓட்ட நான் ஃப்ளோவைத்தான் எடுப்பேன்.

நாளைக்கு வேலைக்குப் போனால் கையில் தருவது வேறாக இருக்கும். எஸ்.எல்.பி-யின் எக்லிப்ஸும் இன்டர்செக்டும், கனடாவின் சி.எம்.ஜி தரும் ஐமெக்ஸ், ஜெம், ஸ்டார்ஸ், அவற்றோடு சேர்ந்து ஓடும் சிமோஸ்ட், இல்லையென்றால் டி-நேவிகேட்டர். பயப்பட ஒன்றும் இல்லை. பெயரும் பட்டன்களும் மாறுகின்றன, அடியில் இருக்கிற, பாறைத் துளைகளில் திரவம் எப்படிப் பாயும் என்று சொல்லும் டார்சி விதி மாறுவதில்லை. ஒன்றில் ஒழுங்காக வேலை செய்தவர் அடுத்ததைச் சில வாரத்தில் பிடித்துக்கொள்வார்.

ஆனால் "எந்த சாஃப்ட்வேர் எடுத்தால் பொருந்தும்" என்ற கேள்விக்கு என் பதில், எதை எடுத்தாலும் பொருந்தும் என்பதுதான். அதுதான் ஆபத்தும். நார்ன் மாடலில் பாறை 46 × 112 × 22 செல்களாக, அதாவது கட்டங்களாக, வெட்டப்பட்டிருக்கிறது, அவற்றில் சுமார் 45 ஆயிரம் செல்கள் கணக்கில் வருபவை. ஒவ்வொரு செல்லுக்கும் நுண்துளை அளவு, மூன்று திசை ஊடுருவுதிறன் (திரவம் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பது) என்று எண்கள் இருக்கின்றன. இத்தனை எண்களை மாற்ற ஒரு ஆப்டிமைசருக்கு அனுமதி கொடுத்தால் அது எந்தக் கோட்டையும் எந்தப் புள்ளி மேலும் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும். எந்த எண்ணை மாற்றலாம், எவ்வளவு மாற்றலாம், எந்தக் காரணத்தால் மாற்றலாம் என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிற பட்டியல்தான் ஹிஸ்டரி மேட்சிங். மிச்சம் கணினியின் வேலை. உங்கள் கேள்வியில் 200 ரன் இருக்கிறது, ஆப்டிமைசர் இருக்கிறது, அந்தப் பட்டியல் மட்டும் இல்லை.

அதிலும் நார்னில் ஒரு சங்கதி உண்டு, பல மாணவர்கள் கவனிப்பதில்லை. நீங்கள் இறக்கிய மாடல் கன்னி மாடல் அல்ல. 1997 நவம்பரில் உற்பத்தி தொடங்கிய வயல் அது, மாடலில் 2006 கடைசி வரையிலான வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்கு வயலை நடத்திய நிறுவனத்தின் ஆட்களே பல வருடம் உட்கார்ந்து பொருத்திய மாடல்தான் பொதுவுக்கு வந்தது. டேட்டா ஃபைல் உள்ளே இழுத்துக்கொள்ளும் இன்க்ளூட் கோப்புகளின் பெயர்களைப் பாருங்கள். அடுக்குகளுக்கு இடையேயான பாய்வைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும் பெருக்கிகள் இருக்கிற கோப்பின் பெயரிலேயே எச்.எம் என்ற எழுத்துகள் இருக்கும், ஹிஸ்டரி மேட்சிங் என்பதன் சுருக்கம். ஃபால்ட்டுகளுக்கும், அதாவது பாறை உடைந்து விலகிய பிளவுகளுக்கும், தனிப் பெருக்கிகள் உண்டு. ஒருவர் ஏற்கெனவே 0.01 என்று அடைத்து வைத்த ஃபால்ட்டை நீங்கள் 0.5-க்கும் 2-க்கும் இடையில் பெருக்கிப் பார்த்தால் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது. கதவு அடைத்தபடியே கிடக்கும், 200 ரன் ஓடி முடியும். ஆகவே முதல் வேலை, அந்தக் கோப்புகளைத் திறந்து, ஏற்கெனவே யார் எதை மாற்றினார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது. கையால் எழுதுங்கள். அலுப்பான வேலைதான், இரண்டு நாள் போகும். உங்கள் ஆய்வேட்டில் ஒரு முழு அத்தியாயத்துக்கு விஷயம் அதில் கிடைக்கும்.

அடுத்து டேட்டா. அகமதாபாத்திலும் பிறகு மஸ்கட்டிலும் இந்த வேலையில் இருந்த வருடங்களில், மாடல் தவறு என்று நினைத்துக் குடைந்த இடங்களில் கணிசமானவை கடைசியில் அளவுத் தவறுகளாக முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு கிணறு இன்றைக்கு இத்தனை பீப்பாய் எண்ணெய், இத்தனை பீப்பாய் தண்ணீர் தந்தது என்று டேட்டா ஃபைலில் இருக்கிறதே, அது அந்தக் கிணற்றின் வாயில் மீட்டர் வைத்து ஒவ்வொரு நாளும் அளந்தது அல்ல. பல கிணறுகளின் உற்பத்தி ஒன்றாகச் சேர்ந்து பிரிப்பான் கலத்துக்குப் போகிறது. மொத்தம்தான் நன்றாக அளக்கப்படுகிறது. ஒவ்வொரு கிணற்றையும் எப்போதாவது தனியாகத் திருப்பிவிட்டு சோதனை எடுத்து, அந்த விகிதத்தில் மொத்தத்தைப் பங்கு போடுகிறார்கள். எண்ணெய்க்கு விலை உண்டு, அதனால் அதன் கணக்கு ஓரளவு துல்லியமாக இருக்கும். தண்ணீருக்கு விலை இல்லை. எரித்துவிடுகிற வாயுவின் கணக்கு அதைவிட மோசம். தண்ணீர் அளவில் 10 சதவீதம் பிழை இருக்கக்கூடிய டேட்டாவை 2 சதவீதத்துக்குள் பொருத்துகிறேன் என்று நிற்பது, அளந்தவரின் கைப்பிழையைப் பாறையின் குணமாக மாற்றுவது.

அழுத்த அளவுகளிலும் ஒரு கண் வேண்டும். மாடல் காட்டும் கிணற்றடி அழுத்தம் ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்கானது, கருவி தொங்கியது வேறு ஆழத்தில். 100 மீட்டர் உயர வித்தியாசத்தில் தண்ணீர் நிரம்பிய குழாய் என்றால் சுமார் 10 பார் மாறும். அதைத் திருத்தாமல் நீர்த்தேக்கத்தின் (எண்ணெயை அடுத்துள்ள, நீர் நிறைந்த பாறை) பலத்தை மாற்றிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது மாடலை எப்படி ஓட்டுகிறீர்கள் என்பது. வரலாற்றுக் காலத்தில் கிணற்றை எந்தக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். எண்ணெய் வீதக் கட்டுப்பாட்டில் வைத்தால் நீங்கள் கொடுத்த எண்ணெய் அளவையே சிமுலேட்டர் திருப்பித் தரும். உள்ளே போட்ட எண்ணை வெளியே எடுத்து "எண்ணெய் உற்பத்தி நூற்றுக்கு நூறு பொருந்தியது" என்று வைவாவில் படம் காட்டுகிறார்கள். தேர்வாளர் அனுபவசாலி என்றால் சிரித்துவிடுவார். அதைவிடப் பெரிய குறை வேறு. மாடலில் தண்ணீர் குறைவாக வந்தால், தரையடியிலிருந்து எடுக்கப்படும் மொத்தக் கன அளவும் குறைந்துவிடும். உடனே அழுத்தம் உண்மையைவிட மேலே நிற்கும். நீங்கள் அழுத்தத்தைக் கீழே இறக்க நீர்த்தேக்கத்தைச் சுருக்குவீர்கள். பிறகு தண்ணீரைச் சரி செய்யும்போது அழுத்தம் சரிந்து விழும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவும்.

இதற்குத்தான் முதல் கட்டத்தில் தேக்கக் கன அளவுக் கட்டுப்பாடு. எண்ணெய், வாயு, தண்ணீர் மூன்றும் சேர்ந்து தரையடியில் எவ்வளவு இடத்தை காலி செய்தனவோ, அந்த மொத்தத்தை சிமுலேட்டர் எடுத்துவிடும். பிரிவினை தவறாக இருந்தாலும் அழுத்தத்தின் கணக்கு கெடாது. முதலில் அழுத்தத்தை மட்டும் பாருங்கள். வயல் முழுவதின் சராசரி, பிறகு பிரிவு பிரிவாக. இங்கே நீங்கள் தொடத் தகுந்தவை கொஞ்சம்தான்: நீர்த்தேக்கத்தின் அளவும் பலமும், துளைக் கன அளவு, பிரிவுகளுக்கு நடுவிலுள்ள ஃபால்ட்டுகள் எவ்வளவு ஒழுகுகின்றன என்பது. ஒரு பிரிவில் அழுத்தம் இறங்குகிறது, பக்கத்துப் பிரிவில் இறங்கவில்லை என்றால் நடுவிலுள்ள ஃபால்ட் அடைப்பாக நிற்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. இந்தக் கட்டத்தில் சிமுலேட்டருக்கு முன்பே ஒரு பொருட்சமநிலைக் கணக்கு, அதாவது உள்ளே போனதும் வெளியே வந்ததும் அழுத்த மாற்றத்தோடு ஒத்துப்போகிறதா என்ற கணக்கு, போட்டுப் பார்ப்பது நல்லது. ஹவ்லேனாவும் ஓடேயும் 1963-ல் சொன்ன நேர்கோட்டு முறை ஒரு எக்செல் தாளில் அடங்கும். உட்செலுத்துவதையும் எடுப்பதையும் கழித்துப் பார்த்தபின் வெளியிலிருந்து தண்ணீர் உதவி தேவையா இல்லையா என்று அது சொல்லிவிடும். நார்ன் போல எண்ணெயைத் தள்ளத் தண்ணீர் செலுத்துகிற வயலில் இந்தக் கணக்கு கூடுதல் கவனம் கேட்கும், ஆனாலும் போடுங்கள்.

அழுத்தம் ஓரளவு உட்கார்ந்தபின் வாட்டர் கட். உங்கள் தலைவலி இங்கேதான், கொஞ்சம் நின்று பேசுவோம்.

ஒரு கிணற்றின் வாட்டர் கட் கோடு பொருந்தவில்லை என்று சொல்லாதீர்கள். எப்படிப் பொருந்தவில்லை என்று சொல்லுங்கள். தண்ணீர் முதலில் வந்த நாள் ஒன்று, வந்தபின் ஏறிய வேகம் இன்னொன்று. இரண்டுக்கும் காரணங்கள் வேறு. நாள் சரி, ஏற்றம் மட்டும் செங்குத்தாக இருக்கிறது என்றால் ஒப்பு ஊடுருவுதிறன் வளைவில் (எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்திருக்கும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு எளிதாகப் பாயும் என்று காட்டுவது) தண்ணீரின் பங்கைப் பாருங்கள், முனை மதிப்பும் வளைவின் படியும். எல்லாக் கிணற்றிலும் ஒரே மாதிரி சீக்கிரம் வருகிறது என்றால் அதுவும் பொதுவான பாறைக் குணம்தான், இல்லையேல் செங்குத்து ஊடுருவுதிறன், எண்ணெய்-நீர்த் தொடுமட்டம். ஒரே ஒரு கிணற்றில் மட்டும் ஒரு வருடம் முந்தி வருகிறது, பக்கத்தில் தண்ணீர் செலுத்தும் கிணறு இருக்கிறது என்றால், இரண்டையும் இணைக்கிற ஒரு மெல்லிய நல்ல அடுக்கையோ திறந்த ஃபால்ட்டையோ சந்தேகப்படலாம். நார்னில் எண்ணெயின் பெரும்பகுதி ஈலே, டோஃப்டே என்ற இரண்டு அடுக்குத் தொகுதிகளில் இருக்கிறது. அவற்றுக்கு மேலே நாட் என்ற களிப்பாறை அடுக்கு, அதற்கும் மேலே கார்ன் தொகுதியில் வாயு. நாட் அடுக்கு மேலேயும் கீழேயும் பாய்வதைத் தடுக்கிறது. அடுக்குப் பெருக்கியைத் தட்டும்போது இந்த நாட் அடுக்கைத் தெரியாமல் திறந்துவிட்டால் வாயு கீழே வந்து எல்லாக் கணக்கையும் குலைத்துவிடும்.

குளச்சலிலிருந்து மணவாளக்குறிச்சி வரை கடலோரத்தில் வீட்டுக் கிணறு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நல்ல தண்ணீர் மேலே, உவர் தண்ணீர் அடியில். வாளி போட்டு இறைத்த காலத்தில் கிணறு இனித்தது, மோட்டார் வைத்து வேகமாக இழுத்ததும் அடியிலிருந்து உவர் கூம்பாக மேலேறி வந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தினால் மெல்ல இறங்கும். எண்ணெய்க் கிணற்றில் அடிநீர் கூம்பி ஏறுவதும் இதே இயற்பியல்தான். இந்த மாதிரி தண்ணீருக்கு அடையாளம் உண்டு: உற்பத்தி வீதத்தைக் கூட்டினால் வாட்டர் கட் ஏறும், குறைத்தால் இறங்கும். செலுத்துகிணற்றிலிருந்து பக்கவாட்டில் வந்த தண்ணீர் அப்படி இறங்காது. வரலாற்றில் கிணறு கொஞ்ச நாள் அடைத்துக் கிடந்து மறுபடி திறந்த மாதங்களைத் தேடி, திறந்த உடனே வாட்டர் கட் என்ன செய்தது என்று பாருங்கள். நார்னின் செல்கள் கிடையாக 80 முதல் 100 மீட்டர் அகலம். அத்தனை பெரிய செல்லுக்குள் கூம்பு சரியாக உருவாகாது. அது செல்களாக வெட்டிய கிரிட்டின் குறை. அதற்காக ஊடுருவுதிறனைத் திருகினால் இல்லாத ஒன்றைப் பாறைக்குள் எழுதுகிறீர்கள்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை டேட்டாவே சொல்லும் வாய்ப்பும் உண்டு. செலுத்துவது கடல்நீர். பாறையில் இயற்கையாக இருக்கும் நீர் வேறு உப்புச் சேர்க்கை கொண்டது. வந்த தண்ணீரின் பகுப்பாய்வு கிடைத்தால், கடல்நீரில் நிறைய உள்ள சல்ஃபேட் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி பாதி சந்தேகத்தைத் தீர்க்கும். செலுத்தும் தண்ணீரில் கலந்து அதன் வழியைக் கண்டுபிடிக்கும் தடங்காட்டிப் பொருள்கள் போட்டுப் பார்த்த டேட்டா இருந்தால் இன்னும் நல்லது. இதை எந்த ஆப்டிமைசரும் உங்களுக்காகத் தேடி வராது.

இன்னொரு சாத்தியத்தையும் மனதில் வையுங்கள். குழாய்க்கு வெளியே போட்ட சிமென்ட் பிளந்து, கீழ் அடுக்குத் தண்ணீர் குழாயின் புறத்தோடு ஏறி வருகிற கிணறுகள் உண்டு. அது கிணற்றின் நோய், பாறையின் நோய் அல்ல. அப்படிப்பட்ட ஒரு கிணற்றை ஆப்டிமைசரிடம் கொடுத்தால், அதைப் பொருத்துவதற்காக நல்ல நிலையிலுள்ள ஐந்து கிணறுகளைக் கெடுத்துவிடும். பொருத்தக் கணக்கில் அந்தக் கிணற்றுக்குத் தரும் எடையைக் குறைத்துவிட்டு, ஏன் குறைத்தேன் என்று எழுதிவிடுங்கள். பொருந்தாத கிணற்றைப் பொருந்தவில்லை என்று காரணத்தோடு விட்டுவிடுவது இந்தத் தொழிலில் கௌரவக் குறைச்சல் அல்ல. கிணற்றைச் சுற்றி ஒரு பெட்டி வரைந்து உள்ளே ஊடுருவுதிறனை 20 மடங்கு ஆக்குவதுதான் கௌரவக் குறைச்சல். அந்தக் கிணறு அன்றைக்குப் பொருந்தும். அடுத்து 300 மீட்டர் தள்ளி ஒரு புதுக் கிணறு எங்கே தோண்டலாம் என்று மாடலைக் கேட்டால் அதற்கு அந்தப் பெட்டிக்கு வெளியே ஒன்றும் தெரியாது.

எடை என்றதும் இலக்குச் சார்பை, அதாவது ஆப்டிமைசர் குறைக்கப் பார்க்கும் அந்த எண்ணைப் பற்றி. ஒவ்வொரு அளவுக்கும் மாடலுக்கும் உள்ள வித்தியாசத்தை, அந்த அளவின் எதிர்பார்க்கும் பிழையால் வகுத்து, வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம். மாணவர்கள் பிழையால் வகுப்பதை விட்டுவிடுகிறார்கள். அப்போது என்ன ஆகும்? வாட்டர் கட் மாதாமாதம் இருக்கிறது, அடைத்து வைத்து எடுத்த அழுத்தம் பத்து வருடத்தில் ஆறே ஆறு புள்ளி. ஆனால் பாறையைப் பற்றி அந்த ஆறு புள்ளிகள் சொல்வது மிக அதிகம். எண்ணிக்கையில் அமுங்கிப் போய்விடும். பிழையைச் சரியாகக் கொடுத்திருந்தால் இன்னொரு நன்மை உண்டு. கூட்டுத்தொகையைப் புள்ளிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒன்றுக்கு அருகில் வர வேண்டும். 5 வந்தால் மாடல் இன்னும் தொலைவில். 0.1 வந்தால் சந்தோஷப்பட வேண்டாம், பிழையைப் பொருத்திக்கொண்டிருக்கிறீர்கள்.

இனி தானியங்கி முறைகள். உங்கள் வழிகாட்டி சொன்னதும் இதைத்தான் என்று நினைக்கிறேன். துகள் திரள், வேறுபாட்டுப் பரிணாமம் போன்ற தேடல் முறைகள் பத்துப் பதினைந்து அளவுருக்கள் (மாற்றிப் பார்க்கும் எண்கள்) வரை நன்றாக வேலை செய்யும். அதற்கு முன் ஒவ்வொரு அளவுருவையும் தனித்தனியே ஆட்டி, எது எந்தக் கிணற்றை அசைக்கிறது என்று ஒரு உணர்திறன் அட்டவணை போடுங்கள். எதையும் அசைக்காத அளவுருவைத் தூக்கி வெளியே வைத்துவிடலாம். செயற்கை நுண்ணறிவால், சிமுலேட்டருக்குப் பதிலாக வேகமாக விடை சொல்லும் பதிலி மாடல் கட்டலாமா என்றால், கட்டலாம். அதைப் பயிற்றுவிக்கவும் உண்மையான ரன்கள் சில நூறு வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

செல்லுக்குச் செல் ஊடுருவுதிறன் மாறுகிற அளவுக்குப் போனால் குழும முறைகள்தான். கெய்ர் எவன்சன் 1994-ல் கடலியலுக்காகச் சொன்ன குழுமக் கால்மன் வடிகட்டி, 2000-களில் எண்ணெய்த் துறைக்குள் வந்தது. இப்போது பெரும்பாலும் பயன்படுவது எமரிக்கும் ரேனால்ட்ஸும் 2013-ல் எழுதிய பல்தரவேற்ற முறை, ஈ.ஆர்.டி-யில் அது இருக்கிறது. ஒரே மாடலைப் பிடித்துத் திருத்தாமல், நிலவியலுக்கு உட்பட்ட 100 மாடல்களை ஒன்றாகக் கொண்டு போகிறோம். எல்லாவற்றையும் ஓட்டி, எந்தச் செல்லின் ஊடுருவுதிறன் எந்தக் கிணற்றின் தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று அந்த 100-லிருந்தே கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரு படி திருத்துகிறது இந்த முறை. இதை நான்கு முறை செய்வது வழக்கம். ஒரே டேட்டாவை நான்கு தடவை பயன்படுத்துவதால், ஒவ்வொரு தடவையும் பிழையின் மாறுபாட்டை (வேரியன்ஸ்) நான்கு மடங்காக்கிக் கொடுக்க வேண்டும். அந்தப் பெருக்கிகளின் தலைகீழ்களைக் கூட்டினால் 1 வர வேண்டும் என்பது விதி.

கணக்குப் போடுங்கள். 100 மாடல், நான்கு திருத்தம், கடைசியில் ஒரு ஓட்டம் என்றால் 500 ரன். ஒரு ரன்னுக்கு 15 நிமிடம் என்று வைத்தாலும் 125 மணி நேரம். நான்கை ஒரே நேரத்தில் ஓட்டினால் ஒன்றரை நாளுக்குள் முடியும். ஐப்பசி மழையில் கரண்ட் போகிற நம்ம ஊரில், பாதியில் நின்றால் எங்கிருந்து தொடர்வது என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதைவிட நல்லது, நார்னுக்குப் போகும் முன் பங்க்-எஸ்3 என்ற சின்னச் செயற்கை மாடலில் கை பழகுவது. 19 × 28 × 5, மொத்தம் 2,660 செல்கள், நொடிகளில் ஓடும். அதில் உண்மை விடை தெரியும் என்பதால் நீங்கள் எங்கே வழி தவறினீர்கள் என்றும் தெரியும்.

குழும முறையின் பெரிய வியாதி, 100 மாடலும் கடைசியில் ஒரே முகமாகிவிடுவது. வெறும் 100 மாதிரியிலிருந்து ஆயிரக்கணக்கான செல்களுக்கு ஒட்டுறவு கணக்கிட்டால் தற்செயலான உறவுகளும் உண்மை போல வந்து நிற்கும். வயலின் வட கோடியிலுள்ள செல்லுக்கும் தென் கோடிக் கிணற்றுக்கும் ஒரு உறவு தெரியும். அதை நம்பி மாடல் திருத்தப்படும். ஒவ்வொரு திருத்தத்திலும் பரவல் தேவைக்கு மேல் சுருங்கும். இதைத் தடுக்கவே ஒரு கிணற்றின் டேட்டா அதன் சுற்று வட்டாரத்தை மட்டும் திருத்தலாம் என்று வரம்பு கட்டுகிறார்கள். முடிவில் 100 கோடுகளும் ஒன்றன் மேல் ஒன்றாக ஒட்டிக் கிடந்தால், படம் அழகாக இருக்கும், நம்பாதீர்கள்.

ஒரே சிறந்த மாடலைத் தேடுவதில் என்ன குறை என்று கேட்கலாம். லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தவாசோலி, கார்ட்டர், கிங் மூவரும் 2004-ல் வெளியிட்ட சோதனையைப் படித்துவிடுங்கள். ஒரு குறுக்குவெட்டு மாடல், நடுவில் ஒரு ஃபால்ட், ஒரு செலுத்துகிணறு, ஒரு உற்பத்திக் கிணறு. தெரியாதவை மூன்றே மூன்று: ஃபால்ட்டின் இறக்கம், நல்ல மணலின் ஊடுருவுதிறன், மோசமான மணலின் ஊடுருவுதிறன். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ரன்கள் ஓட்டி எல்லாவற்றையும் வரிசைப்படுத்தினார்கள். வரலாற்றை மிக நன்றாகப் பொருத்திய மாடல் எதிர்காலத்தை மோசமாகச் சொன்னது. அதன் அளவுருக்களும் உண்மையிலிருந்து விலகியே இருந்தன. மூன்று அளவுருவுக்கே இந்தக் கதி என்றால், 45 ஆயிரம் செல்லில் ஒற்றை மாடலை வைத்து முன்கணிப்புச் சொல்வது எவ்வளவு துணிச்சல் என்று பாருங்கள். ஆய்வேட்டில் ஒரு மாடல் வைக்காதீர்கள். ஏற்கத்தக்க அளவில் பொருந்திய பல மாடல்களையும் அவற்றின் முன்கணிப்புப் பரவலையும் வையுங்கள்.

அந்தப் பரவல் நம்பத்தக்கதா என்று சோதிக்க எளிய வழி இருக்கிறது. 1997 முதல் 2004 முடிய உள்ள டேட்டாவை மட்டும் பொருத்தப் பயன்படுத்துங்கள். 2005, 2006 இரண்டு வருடத்தைத் தனியே பூட்டி வையுங்கள். பொருத்தி முடித்தபின் அந்த இரண்டு வருடத்தை முன்கணித்து, பிறகு டேட்டாவைத் திறந்து ஒப்பிடுங்கள். உண்மை உங்கள் பரவலுக்குள் விழுந்தால் நல்லது. வெளியே விழுந்தால் அதையும் மறைக்காமல் வையுங்கள், எந்தக் கிணற்றில் ஏன் என்று பேசுங்கள். திரும்பப் போய்த் திருத்திவிட்டு "முன்கணித்தேன்" என்று மட்டும் எழுதாதீர்கள்.

நம்ம கடல் விஷயம். கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடல் பகுதிகள் எண்ணெய் தேடலுக்காக ஏலத்துக்கு வந்தன, நம்ம மாவட்டத்து மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அங்கே ஹிஸ்டரி மேட்சிங் செய்ய முடியுமா என்றால், முடியாது. உற்பத்தியே இல்லாத இடத்தில் பொருத்துவதற்கு வரலாறு ஏது? இருப்பது நில அதிர்வு ஆய்வும் ஊகமும்தான். கிணறு தோண்டி, சில வருடம் உற்பத்தி நடந்த பிறகுதான் இந்தப் பேச்சு. கடலில் தேடலாமா கூடாதா என்பது வேறு கேள்வி, அதற்கு சிமுலேட்டரில் பதில் இல்லை. தமிழ்நாட்டில் வரலாறு உள்ள வயல் வேண்டுமென்றால் காவிரிப் படுகையில் நரிமணம், கோவில்களப்பால் பக்கம் பார்க்க வேண்டும். அந்த டேட்டா இணையத்தில் இறக்கிக்கொள்கிற மாதிரி கிடைக்காது. ஓ.என்.ஜி.சி-யின் தேக்க ஆய்வு நிறுவனம் அகமதாபாத்தில் இருக்கிறது. உள்பயிற்சிக்கு விண்ணப்பிப்பதாக இருந்தால் கல்லூரிக் கடிதத்தோடு முன்கூட்டியே முயலுங்கள்.

ஆனால் இதே கலையை நம்ம மாவட்டத்திலேயே செய்ய ஒரு வழி உண்டு. மேலே சொன்ன கடலோரக் கிணறுகள்தான். நிலத்தடி நீர் மாடலுக்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் மோட்ஃப்ளோ இலவசம். அதைப் பொருத்துவதற்கு ஆஸ்திரேலியாவின் ஜான் டோஹர்ட்டி எழுதிய பெஸ்ட், அதன் வழி வந்த பெஸ்ட் பிளஸ் பிளஸ் இரண்டும் இலவசம். பின்னதில் நான் சொன்ன குழும முறையும் இருக்கிறது. கிணற்று நீர்மட்டமும் உவர்ப்பும்தான் உங்கள் வரலாறு. ஒரு பி.டெக் தம்பிக்கோ தங்கைக்கோ ப்ராஜெக்ட் தேடிக்கொண்டிருந்தால் இதைச் சொல்லிக் கொடுங்கள். டேட்டா எடுக்க பஸ்ஸில் போய் வரலாம்.

உங்கள் 200 ரன்னை இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். பொருந்தாத கிணறுகளை ஒவ்வொன்றாக எடுத்து, கிணற்றின் பெயர், எந்த அடுக்கில் துளையிட்டது, உண்மையில் தண்ணீர் வந்த மாதம், மாடலில் வந்த மாதம், அருகிலுள்ள செலுத்துகிணறு, நடுவில் ஃபால்ட் இருக்கிறதா, அதன் இப்போதைய பெருக்கி என்ன என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். வாட்டர் கட் கோட்டுப்படம் கிணற்றுக்கு ஒன்று போதும். அதை வைத்துக்கொண்டு மேலே பேசலாம்.